தேதி ஒன்றுதான், நாளும் ஒன்றா?

உலக வரலாற்றில் ஒரே தேதியில் நடந்த நிகழ்ச்சிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வான்டிஸும் 1616 ஏப்ரல் 23 அன்று, ஒரே நாளில் காலமானார்கள் என்று பொது அறிவுப் புத்தகங்களில் போட்டிருக்கிறது. நம்பலாமா?

தேதி ஒன்றுதான், நாள் வேறு. ஸ்பெயின் 1582-லேயே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தோ 1752 வரை பழைய ஜூலியன் நாள்காட்டியை விடவில்லை. 1616-இல் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். மாட்ரிட்டில் ஏப்ரல் 23 என்று தேதி கிழித்த அன்று இங்கிலாந்தில் ஏப்ரல் 13-தான். ஷேக்ஸ்பியர் கண்மூடிய அன்று மாட்ரிட்டில் மே 3 ஆகிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செர்வான்டிஸ் இறந்தது ஏப்ரல் 22 என்றுதான் இப்போது கொள்கிறார்கள். 23 என்பது தேவாலயப் பதிவேட்டில் உள்ள அடக்கத் தேதி. அதனால் இருவருக்கும் இடையே 11 நாள். யுனெஸ்கோ 1995-இல் உலகப் புத்தக தினத்துக்கு ஏப்ரல் 23-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம். புத்தக தினம் கொண்டாடுவதில் தப்பில்லை. 'ஒரே நாளில்' என்பதை மட்டும் 'ஒரே தேதியில்' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பள்ளியில் 'வரலாற்றில் இன்று' பலகை எழுதுவது என் வேலை. பழைய தேதிகளை எப்படி மாற்றுவது? எதை மாற்ற வேண்டும், எதை அப்படியே விட வேண்டும்?

முதலில் நிகழ்ச்சி நடந்த இடத்தைப் பாருங்கள். அந்த நாடு எப்போது மாறியது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து ஆகியவை 1582 அக்டோபரில் மாறின. பிரான்ஸ் அதே ஆண்டு டிசம்பரில். பிரிட்டனும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களும் 1752 செப்டம்பரில். ரஷ்யா 1918 பிப்ரவரியில். கிரீஸ் 1923-இல். நாடு மாறியதற்குப் பிந்தைய தேதி என்றால் கை வைக்க வேண்டாம். முந்தையது என்றால்தான் கணக்கு.

கணக்கு இது: 1582 அக்டோபர் முதல் 1700 பிப்ரவரி வரை 10 நாள் கூட்ட வேண்டும். 1700 மார்ச் முதல் 1800 பிப்ரவரி வரை 11. 1800 மார்ச் முதல் 1900 பிப்ரவரி வரை 12. 1900 மார்ச் முதல் 2100 பிப்ரவரி வரை 13. ஜூலியன் முறையில் நான்கால் வகுபடும் எல்லா ஆண்டும் லீப் ஆண்டு. கிரிகோரியனில் நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப். அதனால் 1700, 1800, 1900 மூன்றிலும் வித்தியாசம் ஒவ்வொரு நாள் ஏறியது. 2000 லீப் ஆண்டாக இருந்ததால் ஏறவில்லை.

பலரும் சறுக்குவது மூன்று இடங்களில்.

ஒன்று, 13 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு எல்லா நூற்றாண்டுக்கும் அதையே போடுவது. 1825 டிசம்பர் 14-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்த டிசம்பரிஸ்டுகள் கிளர்ச்சிக்கு 12-தான் கூட்ட வேண்டும்; டிசம்பர் 26 வரும். 13 போட்டு 27 என்று எழுதினால் தப்பு.

இரண்டு, ஏற்கெனவே மாற்றிய தேதியை மறுபடி மாற்றுவது. ரஷ்ய அக்டோபர் புரட்சி ஜூலியன் கணக்கில் 1917 அக்டோபர் 25; 13 கூட்டினால் நவம்பர் 7. நீங்கள் பார்க்கும் புத்தகத்தில் நவம்பர் 7 என்றே இருந்தால் வேலை முடிந்தது. பெயரில் அக்டோபர் இருக்கிறதே என்று குழம்பி நவம்பர் 20 வரை போய்விடாதீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய பள்ளம்: ஆண்டின் தொடக்கம். இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படி புத்தாண்டு மார்ச் 25. ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான நாட்கள் முந்தைய ஆண்டின் கணக்கிலேயே எழுதப்பட்டன. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது வர்ஜீனியாவில் இருந்த தேதி 1731 பிப்ரவரி 11. இன்று நாம் சொல்வது 1732 பிப்ரவரி 22. நாளில் 11, ஆண்டில் 1, இரண்டும் மாறியிருக்கின்றன. நாளை மட்டும் மாற்றினால் ஒரு வயது கூடிவிடும்.

கலப்படத்துக்கு நல்ல உதாரணம் நியூட்டன். "கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்று எழுதாத பாடநூல் அபூர்வம். கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. அது இத்தாலியின் கிரிகோரியன் தேதி. நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25. அது இங்கிலாந்தின் ஜூலியன் தேதி. ஒரே நாள்காட்டியில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4. ஆண்டுப் பொருத்தம் போயிற்று. கிறிஸ்துமஸ் அன்று பிறந்தார் என்பது மட்டும் பொய்யில்லை. அவர் வீட்டில் அன்று கிறிஸ்துமஸ்தான்.

1582-க்கு முந்தைய தேதிகளை மாற்றவே வேண்டாம். கொலம்பஸ் கரையைக் கண்ட 1492 அக்டோபர் 12, கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த 1453 மே 29 எல்லாம் ஜூலியன் தேதிகளே. வரலாற்றாசிரியர்கள் அவற்றை அப்படியே எழுதுகிறார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் 1918, 1923, 1938, 1989 நான்கிலும் நவம்பர் 9 அன்றே பெரிய திருப்பங்கள் நடந்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

முழுக்கத் தள்ள முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தால் எது தற்செயல், எது இல்லை என்று தெரியும்.

1918 நவம்பர் 9: முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியில் கைசர் இரண்டாம் வில்லியம் பதவி விலகியதாக அறிவிக்கப்பட்டது. பிற்பகல் சுமார் 2 மணிக்கு சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமன் நாடாளுமன்ற மாளிகையில் நின்று குடியரசை அறிவித்தார். அடுத்த இரண்டு மணி நேரத்தில் தீவிர இடதுசாரித் தலைவர் லீப்க்னெக்ட் பெர்லின் அரண்மனைப் பக்கம் வேறொரு குடியரசை, சோஷலிசக் குடியரசை, அறிவித்தார். மாலுமிகளின் கலகம் பரவிய வேகம்தான் அந்தத் தேதியைத் தீர்மானித்தது.

1923: அந்தக் குடியரசைக் கவிழ்க்க மியூனிக்கில் ஹிட்லர் முயன்றது. தொடங்கியது நவம்பர் 8 இரவு. பவேரியாவின் (மியூனிக் இருக்கும் மாநிலம்) ஆட்சிப் பொறுப்பிலிருந்த குஸ்டாவ் ஃபான் கார் என்பவர் அன்றுதான் ஒரு பீர் மண்டபத்தில் கூட்டம் போட்டிருந்தார். ஹிட்லர் அதற்குள் ஆட்களோடு நுழைந்தார். மறுநாள் 9-ஆம் தேதி நகர மையத்துக்கு ஊர்வலமாகப் போனபோது போலீஸ் சுட்டது, முயற்சி சிதறியது. 1918-ஐ உண்டாக்கியவர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்று திட்டிக்கொண்டிருந்த கட்சிக்கு அந்த மாதத்தின் மேல் கண் இருந்தது உண்மை. சரியாக 9 என்று அமைந்ததற்கு ஃபான் கார் போட்ட கூட்டமே காரணம்.

1938-க்கு வந்தால் தற்செயல் பாதி கழன்றுவிடுகிறது. ஆட்சியைப் பிடித்த நாஜிகள் 1923 ஊர்வலத்தை ஆண்டுதோறும் மியூனிக்கில் கொண்டாடினார்கள். அதனால் 9-ஆம் தேதி மாலை கட்சித் தலைவர்கள் மொத்தமாகப் பழைய நகர மன்றத்தில் விருந்தில் இருந்தார்கள். பாரிஸில் இரண்டு நாள் முன்பு சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி ஃபோம் ராத் இறந்த செய்தி அங்கே வந்தது. பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசினார். கூடியிருந்த மாவட்டத் தலைவர்கள் தொலைபேசிக்குப் போனார்கள். அன்றிரவு நாடெங்கும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுக்கப்பட்டன. அடுத்த நாட்களில் சுமார் 30,000 யூத ஆண்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ராத் அன்று இறந்தது தற்செயல். ஒரு பேச்சிலேயே நாடு முழுவதற்கும் உத்தரவு போகும்படி எல்லாரும் ஒரே அறையில் இருந்தது 1923-இன் விளைவு.

1989-இல் பெர்லின் சுவர் திறந்தது சுத்தமான தற்செயல், அதுவும் காகிதக் குழப்பத்தால் வந்தது. கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதிகள் மறுநாள், நவம்பர் 10 முதல் நடைமுறைக்கு வர வேண்டும். பத்திரிகையாளர் கூட்டத்தில் பேசிய ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி அந்த முடிவெடுத்த கூட்டத்தில் இல்லை; கையில் கொடுத்த தாளைப் படித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டபோது தாளைப் புரட்டி, உடனே, தாமதமின்றி என்ற பொருளில் சொல்லிவிட்டார். அப்போது மாலை 7 மணிகூட ஆகவில்லை. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. கூட்டம் எல்லையில் குவிந்தது. இரவு 11.30 வாக்கில் போர்ன்ஹோல்மர் தெரு வாயிலில் இருந்த காவலர்கள் தாங்க முடியாமல் தடுப்பைத் தூக்கினார்கள். இன்னும் அரை மணி நேரம் சமாளித்திருந்தால் தேதி 10 ஆகியிருக்கும், உங்கள் கேள்வியில் மூன்று ஆண்டுகள்தான் இருந்திருக்கும்.

ஒன்றுபட்ட ஜெர்மனி தன் தேசிய நாளாக நவம்பர் 9-ஐ எடுக்கவில்லை. 1938 நடந்த தேதியில் பட்டாசு வெடிப்பது எப்படி? இணைப்பு சட்டப்படி நிறைவேறிய அக்டோபர் 3-ஐ வைத்துக்கொண்டார்கள்.

கேள்வி: அமெரிக்க அதிபர்களாக இருந்த ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் இருவரும் சுதந்திரப் பிரகடனத்தின் 50-ஆம் ஆண்டு நிறைவான 1826 ஜூலை 4 அன்றே இறந்தார்கள். மன்றோவும் ஜூலை 4-தான். கணிதப்படி இது எவ்வளவு அபூர்வம்?

செய்தி சரி. ஜெஃபர்சன் நண்பகல் தாண்டி, ஆடம்ஸ் அன்று மாலை. மன்றோ 1831-இல். நாள்காட்டிக் குழப்பமும் இங்கே இல்லை.

கணிதத்துக்கு முன் கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். "ஏதாவது இருவர் ஏதாவது ஒரு தேதியைப் பகிர்ந்துகொள்வார்களா?" என்பது மிகச் சுலபமாக நடக்கும். 23 பேர் இருந்தால் அவர்களுக்குள் 253 ஜோடிகள். இருவர் ஒரே தேதியில் பிறந்திருக்கும் வாய்ப்பு 50.7 சதவீதம். 40 பேர் என்றால் 89 சதவீதம். இறந்துபோன அதிபர்கள் சுமார் 40 பேர். அதற்கேற்ப ஜூலை 4 தவிர மார்ச் 8-இல் ஃபில்மோர் (1874), டாஃப்ட் (1930), டிசம்பர் 26-இல் ட்ரூமன் (1972), ஃபோர்டு (2006) என்று இன்னும் இரண்டு ஜோடிகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றி யாரும் கேள்வி அனுப்புவதில்லை.

"முன்கூட்டியே குறித்த ஒரு தேதியில் ஒருவராவது வருவாரா?" என்பது வேறு கேள்வி. அதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு வர 253 பேர் வேண்டும். (இங்கேயும் 253 வருவது தனி வேடிக்கை.) ஜூலை 4 இந்த வகை. அதிலும் ஒரே ஆண்டில் இருவர் என்பது உண்மையிலேயே அபூர்வம்தான். ஆனால் ஆடம்ஸுக்கு வயது 90, ஜெஃபர்சனுக்கு 83, இருவரும் படுக்கையில். ஜெஃபர்சன் நினைவு வந்து போகும் நிலையில் 3-ஆம் தேதி இரவு "நான்காம் தேதி வந்துவிட்டதா?" என்று விசாரித்ததாகக் கூட இருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். 365 பக்கமுள்ள பகடையை உருட்டும் கணக்கு அந்த அறைக்குள் முழுசாகப் பொருந்தாது.

ஒரு உபரித் தகவல்: சுதந்திரத் தீர்மானம் நிறைவேறியது 1776 ஜூலை 2. ஜூலை 4 என்பது பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்ட நாள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது ஆகஸ்ட் 2. எதிர்காலம் ஜூலை 2-ஐத்தான் கொண்டாடும் என்று அப்போதே மனைவிக்கு எழுதியவர் இதே ஆடம்ஸ்.

கேள்வி: நெப்போலியனும் ஹிட்லரும் ரஷ்யாமீது படையெடுத்தது ஒரே தேதி, ஜூன் 22. சரிதானே?

இல்லை. ஹிட்லர் 1941 ஜூன் 22; அது சரி. நெப்போலியனின் படை ரஷ்ய எல்லையிலிருந்த நேமன் ஆற்றைக் கடந்தது 1812 ஜூன் 24. தன் படைக்கு அவர் விடுத்த போர் அறிக்கையில் ஜூன் 22 என்று போட்டிருக்கும்; குழப்பம் அங்கிருந்து வருகிறது. ஜூன் 22-க்கு ஜோடி வேண்டுமென்றால் 1940-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸ் ஹிட்லரிடம் பணிந்து கையெழுத்திட்ட நாள் அதுதான். 1918-இல் ஜெர்மனி கையெழுத்திட்ட அதே ரயில் பெட்டியை அருங்காட்சியகத்திலிருந்து இழுத்து வரச் செய்தார் ஹிட்லர்.

கேள்வி: பெர்ல் ஹார்பர் தாக்குதல் டிசம்பர் 7 என்கிறார்கள், ஜப்பானியர்கள் டிசம்பர் 8 என்கிறார்கள். மலாயாவில் ஜப்பான் இறங்கியதும் டிசம்பர் 8. எது முதலில்?

மலாயாதான் முதலில். ஹவாய்க்கும் மலாயாவுக்கும் நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு ஓடுகிறது. பெர்ல் ஹார்பரில் முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 7 ஞாயிறு காலை, 8 மணிக்குச் சில நிமிடங்கள் முன்பு. ஹவாயின் அப்போதைய நேரம் கிரீன்விச்சுக்கு பத்தரை மணி பின்னால். எனவே கிரீன்விச்சில் அதே நாள் மாலை சுமார் 6.20, டோக்கியோவில் 8-ஆம் தேதி விடியற்காலை சுமார் 3.20. மலாயாவின் கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியப் படை இறங்கத் தொடங்கியது அதற்கும் சுமார் ஒரு மணி நேரம் முன்பு. ஆனால் உள்ளூர் நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டதால் தேதி 8. தேதிவாரியாக அடுக்கினால் முதலில் நடந்தது இரண்டாவதாக விழும். பலகை எழுதும் ஆசிரியர் இதையும் குறித்துக்கொள்ளலாம்: இரண்டு நாட்டு நிகழ்ச்சிகளை ஒப்பிடும்போது மணியைக் கிரீன்விச்சுக்கு மாற்றாமல் முன்பின் சொல்லக் கூடாது.

ஐரோப்பாவில் போர் முடிந்த நாள் மேற்கே மே 8, மாஸ்கோவில் மே 9 என்றிருப்பதும் இதே கதை. ஜெர்மனி சண்டையை நிறுத்த வேண்டிய நேரம் மே 8 இரவு 11.01, மாஸ்கோவில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது.

கேள்வி: ஒரு தேதிக்கு என்ன கிழமை என்று கைக்கணக்காகக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. ஐந்து எண்களைக் கூட்டி 7-ஆல் வகுத்து மீதி பார்க்க வேண்டும். மீதி 0 என்றால் ஞாயிறு, 1 திங்கள், இப்படியே 6 சனி.

ஐந்து எண்கள்: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், அதை 4-ஆல் வகுத்த ஈவு (மீதியை விட்டுவிடுங்கள்), தேதி, மாத எண், நூற்றாண்டு எண். மாத எண்கள் ஜனவரியிலிருந்து வரிசையாக 0, 3, 3, 6, 1, 4, 6, 2, 5, 0, 3, 5. நூற்றாண்டு எண் 1700-களுக்கு 4, 1800-களுக்கு 2, 1900-களுக்கு 0, 2000-களுக்கு 6.

பெர்லின் சுவர் திறந்த 1989 நவம்பர் 9: 89 + 22 + 9 + 3 + 0 = 123. மீதி 4. வியாழன். லிங்கனும் டார்வினும் பிறந்த 1809 பிப்ரவரி 12: 9 + 2 + 12 + 3 + 2 = 28. மீதி 0. ஞாயிறு. (இந்த இருவரும் நிஜமாகவே ஒரே நாளில் பிறந்தவர்கள், இரு நாடும் கிரிகோரியனுக்கு வந்துவிட்ட காலம்.)

லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரி என்றால் மொத்தத்தில் 1 கழிக்க மறக்காதீர்கள். விடை தப்பினால் பெரும்பாலும் இதுதான் காரணம். 1800, 1900 லீப் அல்ல. அவற்றுக்குக் கழிக்கக் கூடாது. ஜூலியன் தேதிக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. அதுவே ஒரு சோதனையாகவும் உதவும்: பழைய ஆவணத்தில் உள்ள கிழமையும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால், அது இன்னும் மாற்றப்படாத தேதியா என்று பாருங்கள்.

சிலியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த 1973 செப்டம்பர் 11, நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த 2001 செப்டம்பர் 11 இரண்டுமே செவ்வாய். போட்டுப் பாருங்கள். இதில் மர்மம் இல்லை. இடையில் 28 ஆண்டு. நூற்றாண்டு விதி குறுக்கிடாத வரை 28 ஆண்டுக்கு ஒருமுறை நாள்காட்டி கிழமையோடு அப்படியே திரும்பும்.

கேள்வி: சரயேவோ கொலை 1914 ஜூன் 28. கொசோவோ போரும் ஜூன் 28 என்கிறார்கள். கொலைகாரர்கள் அந்தத் தேதிக்குக் காத்திருந்தார்களா?

தேதியைக் குறித்தது கொல்லப்பட்ட ஆஸ்திரிய இளவரசர் ஃபெர்டினாண்டின் பயணத் திட்டம், சதிகாரர்கள் அல்ல. ஆனால் கொசோவோ போரை நினைவுகூரும் 'விதோவ்தான்' என்ற செர்பியத் திருநாளில் அவர் வருவது அவர்களுக்கு எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் இருந்தது.

கொசோவோ போர் நடந்தது 1389 ஜூன் 15, ஜூலியன் கணக்கில். அந்த நூற்றாண்டுக்கு வித்தியாசம் 8 நாள்தான். கறாராக மாற்றினால் ஜூன் 23 வரும். ஆனால் செர்பியத் திருச்சபை இன்றும் ஜூலியன் நாள்காட்டியில் ஜூன் 15-ஐயே அனுசரிக்கிறது. 20-ஆம் நூற்றாண்டில் வித்தியாசம் 13 ஆகிவிட்டதால் அது நம் நாள்காட்டியில் ஜூன் 28-இல் விழுகிறது. போர் ஒரே இடத்தில் நிற்கிறது, திருநாள் நகர்ந்துகொண்டே போகிறது. 2100 மார்ச்சுக்குப் பிறகு ஜூன் 29 ஆகிவிடும்.

அந்த இளவரசருக்கும் ஜூன் 28 சாதாரண நாள் இல்லை. 1900-இல் அதே தேதியில்தான், காதல் மனைவியின் பிள்ளைகளுக்கு அரியணை உரிமை கிடையாது என்று உறுதிமொழி கொடுத்தார்.

கேள்வி: எதுவுமே நடக்காத தேதி என்று ஒன்று உண்டா?

பிரிட்டனில் 1752 செப்டம்பர் 3 முதல் 13 வரை. 2-ஆம் தேதி புதன், மறுநாள் 14 வியாழன். ரோமில் 1582 அக்டோபர் 5 முதல் 14 வரை. கத்தோலிக்கப் புனிதர் அவிலாவின் தெரேசா ஸ்பெயினில் இறந்தது அந்த இடைவெளி விழுந்த இரவில். 4-ஆம் தேதிக்கு மறுநாள் 15 என்பதால் அவரது திருநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அண்மைக்கு வந்தால், தேதிக்கோட்டின் மறுபக்கம் தாவிய சமோவாவில் 2011 டிசம்பர் 30 இல்லை. எதிர்மாறாக ஸ்வீடனில் 1712-இல் பிப்ரவரி 30 இருந்தது.

கேள்வி: கென்னடி சுடப்பட்ட 1963 நவம்பர் 22 அன்றே எழுத்தாளர்கள் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிஸும் இறந்தார்களாம். இதுவும் நாள்காட்டி வித்தையா?

நாள்காட்டி சரியாகவே இருக்கிறது, மூன்றும் கிரிகோரியன். கடிகாரத்தில் மட்டும் ஒரு சின்ன விஷயம். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மாலை ஐந்தரை மணியளவில் இறந்தார். அதற்குச் சுமார் ஒரு மணி நேரம் கழித்து, கிரீன்விச் நேரம் 6.30-க்கு, டாலஸில் துப்பாக்கி வெடித்தது. அங்கே அப்போது பகல் 12.30. ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சல்ஸில் அன்று மாலை 5.20-க்கு இறந்தார். கிரீன்விச்சில் அப்போது நள்ளிரவு கடந்து 1.20, தேதி 23. இறப்புக்கு உள்ளூர்த் தேதியையே எழுதுவது வழக்கம் என்பதால் மூவரும் 22-இல் இருக்கிறார்கள்.